உழைப்பும் திணையும்: தன்னாமுனை வாவிக்கரையும் உயிர்ப்பல்வகைமை பற்றிய இலக்கியச் சிந்தனையும்

1

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறாவூருக்குச் செல்லும் பெருவீதியிலே, வாவியை ஒட்டி அமைந்துள்ள ஊர் தன்னாமுனை. கிழக்கே சிறிது தூரத்தில் சவுக்கடிக் கடற்கரை. மேற்கே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியின் வடபகுதி. வாவிக்கு அப்பால், சூரியன் மறையும் திசையிலே, நெல்வயல்கள் நிறைந்த படுவான்கரை. அதற்கும் மேற்கே மேய்ச்சற்றரைகளும் காடும். வாவியின் விளிம்பிலே கண்டலும் கண்ணாவும் தில்லையும் நிற்கின்றன. வளவுகளிலே தென்னையும் மாவும் முருங்கையும் நிற்கின்றன. கடலும் வாவியும் வயலும் காடும் ஒரு நாள் நடைக்குள் அடங்கிவிடும் இந்நிலத்திலே மனிதக் கை படாதது எதுவுமில்லை. ஆயினும் இது உயிரினங்கள் செறிந்த நிலமாகவே நீண்டகாலம் இருந்து வந்துள்ளது. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே விளங்கிக்கொள்வது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினா சூழலியலாளருக்கே உரியது, இலக்கிய மாணவனுக்கு இதில் வேலையில்லை என்று சிலர் கருதலாம். அக்கருத்து ஏற்புடையதன்று. நிலத்தைப் பற்றிய எந்த ஆய்வும் நிலம் பற்றிய ஒரு கருத்துநிலையை முற்கொண்டே தொடங்குகின்றது. அக்கருத்துநிலையை ஆக்குவதிலே இலக்கியத்திற்குப் பெரும் பங்குண்டு. 'இயற்கை' என்பதை உழைப்புக்குப் புறம்பானதாக, கண்டு மகிழ்வதற்குரிய காட்சியாகப் பாடிய மரபு ஒன்று எம்மிடையே உண்டு. காட்டையும் கண்டலையும் அவற்றிடையே வாழும் மக்களிடமிருந்து பிரித்தெடுத்துக் காக்க முனையும் கொள்கையும் உண்டு. இவையிரண்டும் ஒரே வேரிலிருந்து எழுவன என்பதும், அவ்வேரை இனங்காணாதவரை உயிர்ப்பல்வகைமைப் பாதுகாப்பு என்பது உழைக்கும் மக்கள்மீது சுமத்தப்படும் இன்னொரு கட்டளையாகவே அமையும் என்பதும் இக்கட்டுரையில் நிறுவ முற்படுவனவாகும்.

2

தமிழிலக்கிய மரபின் தொன்மையான நிலக் கோட்பாடு திணைக் கோட்பாடாகும். முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் கருப்பொருள் எனத் தொல்காப்பியம் வகுப்பவற்றை மீண்டும் ஒருமுறை நோக்குதல் பயன் தரும். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, செய்தி, யாழ் என்பன அவை. இவற்றுள் 'செய்தி' என்பது அந்நில மக்களின் தொழில். மரமும் விலங்கும் பறவையும் எந்தப் பட்டியலிலே இடம்பெறுகின்றனவோ, அதே பட்டியலிலேதான் மனிதரின் உணவும் தொழிலும் இடம்பெறுகின்றன. இயற்கை ஒருபுறம், சமுதாயம் மறுபுறம் என்ற பிரிவினை இங்கு இல்லை. கார்த்திகேசு சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட திணைக் கோட்பாடு பற்றிய ஆய்வு, திணைகள் வெறும் கவிமரபன்று, சமமற்ற வளர்ச்சியுடைய உற்பத்தி முறைகளின் பிரதிபலிப்பு என்று காட்டிற்று. அவ்வாய்வின் முடிவை ஒரு படி மேலே கொண்டுசென்று, திணை என்பது ஒரு குறித்த நிலத்தின் உயிரினங்களும் அந்நிலத்து உழைப்பும் ஒன்றையொன்று ஆக்கிக்கொள்ளும் முறை எனக் கூறலாம்.

ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்திலே வருவதையும் தொல்காப்பியம் ஏற்றுக்கொள்கின்றது. இத்திணைமயக்கம் மட்டக்களப்புக்கு விதிவிலக்கன்று. அதுவே வாழ்க்கை முறை. வாவியில் வலை வீசுபவன் அறுவடைக் காலத்தில் வயலில் நிற்கின்றான். பெரும்போகப் பயிர் வயலில் நிற்கும் காலத்திலே மாட்டுப்பட்டிகள் காட்டோர மேய்ச்சற்றரைகளுக்குப் போகின்றன. வெட்டு முடிந்ததும் திரும்பி வந்து தாளடியை மேய்ந்து எருவிட்டுச் செல்கின்றன. நெய்தலும் மருதமும் முல்லையும் இங்கே தொழிலினால் பின்னப்பட்டுள்ளன. போடியாருக்காக வயலை நடத்துபவனை இப்பகுதி மக்கள் 'முல்லைக்காரன்' என்று அழைப்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இப்பின்னலுக்கு இலக்கியச் சான்று தேடுவோர் ஏட்டுச் சுவடிகளுக்கு முன்னர் ஊர்ப்பெயர்களை நாடலாம். புளியந்தீவு, தாழங்குடா, மகிழடித்தீவு, கிண்ணையடி, நாவற்காடு, சவுக்கடி, கொக்கட்டிச்சோலை என நீளும் இப்பெயர்கள் இந்நிலத்தின் தாவர அட்டவணை போன்றவை. தன்னாமுனைக்குத் தெற்கே அண்மையிலுள்ள பனிச்சையடி இவற்றுள் தனிக் கவனத்துக்குரியது. பனிச்சை நீர்நிலை ஓரங்களில் வளரும் மரம். அதன் காயின் சாறு பருத்தி வலைகளுக்கு ஏற்றி அவற்றை உப்பு நீரில் உக்காமற் காக்கப் பயன்பட்டது. பனிச்சை நின்றமைக்கு அதன் பயனும் ஒரு காரணம். நைலோன் வலை வந்தபின் அம்மரத்துக்கு வலைத்தொழிலில் இடமில்லாது போயிற்று. மரத்தை எவரும் பகைக்கவில்லை. அதனைக் காத்துவந்த உழைப்புறவு மறைந்தது, அவ்வளவே. ஓர் உயிரினம் ஒரு நிலத்தில் நிலைத்திருப்பதும் அருகிப்போவதும் உற்பத்திக் கருவிகளின் மாற்றத்தோடு எத்துணை நெருங்கிய தொடர்புடையன என்பதற்கு இந்த ஒரு மரமே போதிய எடுத்துக்காட்டாகும்.

3

மட்டக்களப்பை 'மீன்பாடும் தேனாடு' எனக் குறிப்பிடாத மேடையில்லை. பூரணை இரவுகளிலே கல்லடிப் பாலத்தடியில் நீருக்குள்ளிருந்து எழுவதாகச் சொல்லப்படும் இன்னொலியே இத்தொடருக்கு மூலம். இவ்வொலி கற்றோரின் கற்பனையைப் பெரிதும் ஈர்த்துள்ளது. சுவாமி விபுலாநந்தர் இதனை நீரரமகளிரின் இன்னிசையாகக் கண்டு பாடினார். இசையாராய்ச்சியிலே பல்லாண்டுகளைச் செலவிட்டு 1947இல் 'யாழ் நூல்' தந்த அப்பேரறிஞருக்கு அது இயல்பான கற்பனையே. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வொலியைப் பற்றி எழுதிய எமர்சன் டெனன்ட் என்னும் குடியேற்றவாத அதிகாரி ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். அவருக்கு வழிகாட்டிய மீனவர்கள் ஒலியெழுப்புவது மீனன்று, நீரின் அடியில் வாழும் ஒருவகை ஊரி என்றனர்.

மீனவரின் விளக்கம் முற்றிலும் சரியா என்பது வேறு விடயம். அவர்கள் எங்கே நோக்கினர் என்பதே ஈண்டு முக்கியமானது. பாலத்தின் மேல் நின்றவர் பாடல் கேட்டனர். தோணியில் இருந்தவர் வாவியின் அடித்தளத்தை, அதன் சேற்றை, அதில் ஒட்டி வாழும் சிற்றுயிரை எண்ணினர். ஒரு வாவியின் வளம் அதன் அடித்தளத்திலேயே தொடங்குகின்றது என்று இன்றைய நீர்வாழ் உயிரியல் கூறும். அவ்வறிவின் முளை உழைப்பினிடையே தோன்றியது. எமது பெருமிதத் தொடரோ அவ்வறிவைக் கைவிட்டுக் கற்பனையை மட்டும் எடுத்துக்கொண்டது. தொடர் அழகியது என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆயின் அத்தொடரிலே மீன் பாடுகின்றது, மீன் பிடிப்பவன் இல்லை. ஆங்கில இலக்கியத்தில் நாட்டுப்புறம் சித்திரிக்கப்பட்ட வரலாற்றை ஆராய்ந்து ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் எழுதிய நூல், நிலத்தை 'நிலக்காட்சி'யாகக் காணும் கண் உழைப்பிலிருந்து விலகிநிற்கும் வர்க்கத்தின் கண் என்று காட்டிற்று. அவ்வாய்வு நமக்கும் பொருந்தும்.

இதற்கு மாறான மரபும் மட்டக்களப்பில் வளமாக உண்டு. சூடு மிதிக்கும் களத்திலே நெல் 'பொலி'யாகின்றது. அங்கே மாட்டுக்கும் கருவிகளுக்கும் அன்றாடப் பெயர் விலக்கப்பட்டுக் களத்துக்கே உரிய பெயர்கள் வழங்குகின்றன. சிங்கள உழவரிடையேயும் இத்தகைய களத்து மொழி வழங்கியமை, இது இன எல்லையைக் கடந்த உழைப்பின் பண்பாடு என்பதை உணர்த்தும். நீலாவணன் (1931-1975) எழுதி, அவர் மறைவுக்குப் பின்னர் 1982இல் நூலாக வெளிவந்த 'வேளாண்மை' காவியம் இம்மரபின் எழுத்திலக்கியத் தொடர்ச்சியாகும். நூலின் பெயரே சிந்தனைக்குரியது. அறநூல்களிலே 'வேளாண்மை' உபகாரத்தைக் குறிக்கும்; மட்டக்களப்பு உழவரின் வாயில் அது வயலையும் பயிரையும் அதன் வேலையையும் குறிக்கும். கொடுப்பவனின் அறமாக இருந்த சொல்லை உழைப்பவனின் தொழிலாக மீட்ட பேச்சு வழக்கைக் கவிஞர் காவியத்தின் பெயராக்கினார். எம். ஏ. நுஃமான் 'தாத்தாமாரும் பேரர்களும்' (1977) தொகுதியிலுள்ள நெடுங்கவிதை ஒன்றுக்குக் குறளின் உழவதிகாரத்திலிருந்து 'நிலம் என்னும் நல்லாள்' எனப் பெயரிட்டமையும் இதனோடு இயைபுடையது.

எனினும் ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய நிலவுறவைப் பொற்காலமாகக் காண்பது வரலாற்றுக்கு மாறானது. வட்டை முழுவதும் போடியாரின் உடைமையாயிருக்க, விதைத்தவனும் காவல் காத்தவனும் கடனாளியாகவே களத்தை விட்டுச் சென்றான். பலவகை நெல்லும் பலவகை மீனும் நிறைந்த அந்நிலம் சாதியும் நிலவுடைமையும் நிறைந்த நிலமாகவும் இருந்தது. முற்போக்கு விமர்சனம் இவ்வநீதியைச் சரியாகவே கண்டித்தது. ஆனால் அக்கண்டனத்தின் உற்சாகத்தில் அணையும் உழவு இயந்திரமும் இரசாயன உரமும் விடுதலையின் குறியீடுகளாகவே கொள்ளப்பட்டன. இயற்கை வெல்லப்பட வேண்டிய ஒன்றாயிற்று. இயற்கைமீது நாம் ஈட்டும் வெற்றி ஒவ்வொன்றுக்கும் அது பழிவாங்கும் என்று எங்கெல்ஸ் எச்சரித்ததையும், மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்காத முதலாளித்துவ விவசாயம் மண்ணையும் உழைப்பாளியையும் ஒருங்கே உறிஞ்சுகின்றது என்று மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் தொகுதியிலே விளக்கியதையும் நாம் போதிய அளவு கருத்திற் கொள்ளவில்லை. ஏரல் கடல் வற்றிய வரலாறு, சமவுடைமை என்ற பெயர் மட்டும் இப்பிழையிலிருந்து காக்காது என்பதற்குச் சான்று.

4

நிலத்தை உழைப்பிலிருந்து பிரித்தது கவிதை மட்டுமன்று, சட்டமும் பிரித்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்டப்படாத காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொள்ள வழிசெய்தது. சேனைக்கும் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் கிராமத்தவர் வழக்காறாகப் பயன்படுத்திய நிலம் ஒரே நாளில் அவர்கள் 'அத்துமீறும்' நிலமாயிற்று. ஏறத்தாழ அதே காலத்திலே, 1842இல், றைன் நாட்டுச் சட்டமன்றம் ஏழைகள் உலர்ந்த சுள்ளி பொறுக்குவதைத் திருட்டாக்க முனைந்ததைக் கண்டித்தே இளம் மார்க்ஸ் பொருளியற் பிரச்சினைகளைப் பற்றி எழுதத் தொடங்கினார் என்பது மனங்கொள்ளத்தக்கது. இலங்கையிலே 1907இன் காட்டுக் கட்டளைச் சட்டமும் 1937இன் விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் இந்த அடித்தளத்தின்மேல் எழுந்தன.

சுதந்திரத்தின் பின்னரும் அடித்தளம் மாறவில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பெருங்காட்டை அழித்து நீர்த்தேக்கமும் குடியேற்றங்களும் அமைத்தது. 1954இல் அந்நீர்த்தேக்கத்தின் நீரேந்து பரப்பைக் காக்கத் தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. மகாவலித் திட்டத்தோடு 1983இல் மட்டக்களப்பின் மேற்கெல்லையை அடுத்து மாதுறு ஓயாப் பூங்கா தோன்றியபோது, தம்பானை வேட்டுவ மக்கள் தலைமுறைகளாக வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த காட்டுக்குள் செல்லும் உரிமையை இழந்தனர். அழிப்பும் பாதுகாப்பும் இரு வேறு கொள்கைகள் போலத் தோன்றினும், ஒரே அரசு ஒரே வரைபடத்தில் ஒரே கோட்டினால் இரண்டையும் செய்தது. கோட்டின் ஒருபுறம் காடு அழிக்கப்பட்டது. மறுபுறம் மனிதர் அகற்றப்பட்டனர்.

இவ்வரைபடச் சிந்தனையை அறிவியலே இன்று கேள்விக்குட்படுத்தியுள்ளது. 1967இல் மக்ஆதரும் வில்சனும் முன்வைத்த தீவு உயிர்ப்புவியியற் கோட்பாட்டைப் பின்பற்றிக் காட்டுத் துண்டுகளைக் கடலாற் சூழப்பட்ட தீவுகளாகக் கருதும் வழக்கம் ஏற்பட்டது. அக்கருத்தின்படி வயல் என்பது உயிரற்ற கடல். ஆனால் மார்க்சிய உயிரியலாளரான றிச்சட் லெவின்ஸ் 1969இல் காட்டியபடி, ஓர் இனம் பல சிறு குடித்தொகைகளாகச் சிதறி வாழ்கின்றது. ஒரு துண்டில் அது அற்றுப்போவது இயல்பு. வேறொரு துண்டிலிருந்து மீண்டும் வந்து குடியேற முடிகின்றதா என்பதே கேள்வி. வந்து சேர்வது இடையிலுள்ள நிலத்தைப் பொறுத்தது. இந்த இடைப்பரப்பின் தரத்தை மெக்சிக்கோவின் கோப்பித் தோட்டங்களிலே பல்லாண்டு ஆராய்ந்த ஐவெற் பெர்பெக்ரோவும் ஜோன் வந்தமீரும் அங்கஸ் றைற்றுடன் சேர்ந்து 2009இல் வெளியிட்ட நூலிலே, நிழல்மரங்களும் கலப்புப் பயிர்களும் கொண்ட சிறு உழவரின் நிலம் காட்டுயிர்களுக்கு வழியாகின்றது, பெருந்தோட்டத்தின் ஒற்றைப்பயிர் தடையாகின்றது என்று வாதிட்டனர். ஆகவே நிலத்துக்கான உழவர் போராட்டமும் உயிர்ப்பல்வகைமைப் போராட்டமும் ஒன்றையொன்று வேண்டிநிற்பன என்பது அவர்கள் முடிபு.

மறுதரப்பின் வாதத்தையும் நேர்மையாக நோக்க வேண்டும். கானாவிலும் வட இந்தியாவிலும் நிகழ்த்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்று, விளைச்சலைக் குறைந்த நிலத்தில் பெருக்கி எஞ்சிய நிலத்தைக் காடாக ஒதுக்கினால் கூடுதலான பறவையினங்களும் மரவினங்களும் பயனடையும் எனக் கண்டது. அடர்காட்டையே நம்பி வாழும் இனங்கள் உண்டு. அவற்றுக்கு வயல் மாற்றாகாது என்பது உண்மை. ஆனால் விளைச்சல் பெருகினால் எஞ்சிய நிலம் தானாகவே காடாக விடப்படும் என்று எண்ணுவதற்குச் சந்தையின் இயக்கத்தில் ஆதாரமில்லை. இலாபம் தரும் பயிர் எல்லையிலே நின்றுவிடுவதில்லை. ஒதுக்குவது யார், எவருடைய நிலத்தை, எவருடைய சம்மதத்துடன் என்ற வினாக்கள் அக்கணிப்பிலே இடம்பெறுவதில்லை.

இலங்கைச் சான்றுகளுக்கு வருவோம். பத்தலகொடையிலே நீர்ப்பாய்ச்சும் நெல்வயற்றொகுதி ஒன்றை ஆராய்ந்து 2004இல் பம்பரதெனியவும் பிறரும் வெளியிட்ட கட்டுரை, அங்கு 494 முள்ளந்தண்டிலி இனங்களையும் 103 முள்ளந்தண்டுளி இனங்களையும் பதிவு செய்தது. நெல்லைத் தாக்கும் பூச்சியினங்கள் 55; அவற்றை உண்டு கட்டுப்படுத்துவனவோ ஏறத்தாழ 200. வயல் வெறும் உற்பத்திக் கூடமன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. யானையின் நிலையும் இத்தகையதே. 2021இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு, நாட்டின் ஏறத்தாழ 60 சதவீதப் பரப்பிலே யானைகள் உள்ளன எனவும், அப்பரப்பின் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதரும் வாழ்கின்றனர் எனவும் கண்டது. சேனைப் பயிர் வெட்டியபின் மனிதர் விட்டுச்சென்ற நிலமே வறட்சிக் காலத்தில் யானையின் உணவுத்தளமாகின்றது. கோடு கிழித்து வேலியிட்ட கொள்கையின் விளைவோ, 2019ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டமை.

5

பொதுக் கோட்பாட்டிலிருந்து மட்டக்களப்பின் மூன்று பிரச்சினைகளுக்குத் திரும்புவோம்: நெல், கண்டல், மேய்ச்சல்.

'முருங்கைக்காயன்' என்பது தமிழ்ப் பெயர் கொண்ட நாட்டு நெல்லினம். 1950களின் பிற்பகுதியிலே பத்தலகொடை ஆராய்ச்சியாளர் அதன் தேர்ந்த வகையொன்றை இந்தோனேசிய இனமான 'மாஸ்' உடன் கலந்து எச்-4 என்னும் புகழ்பெற்ற நெல்லை உருவாக்கினர். அதன் விளைச்சல் பல வயிறுகளை நிரப்பிற்று. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆனால் பெயரிலே நிகழ்ந்த மாற்றத்தை இலக்கிய மாணவன் கவனியாதிருக்க முடியாது. காயின் வடிவத்தைக் கண்டு உழவன் இட்ட பெயர் ஓர் எழுத்தும் இலக்கமும் ஆயிற்று. தலைமுறைகளாக விதையைத் தெரிந்தெடுத்துக் காத்த பெண்களும் ஆண்களும் பெயரில்லாதோராயினர். நாட்டு நெல்லினங்கள் இன்று பெரும்பாலும் கண்ணொறுவையிலுள்ள தாவரப் பிறப்புரிமை வளங்கள் நிலையத்தின் குளிரறையிலே பேணப்படுகின்றன. அப்பணி போற்றத்தக்கது. எனினும் குளிரறையில் உறங்கும் விதை நோயோடும் உவரோடும் பூச்சியோடும் போராடி மாறுவதில்லை. அம்மாற்றத்துக்கு வயலும் உழவனும் வேண்டும். 'இரத்து ஹீனட்டி' என்னும் நாட்டினத்திலிருந்து கபிலத் தத்தியை எதிர்க்கும் மரபணுவைப் பெற்றுக்கொண்ட உலக ஆராய்ச்சி, அவ்வெதிர்ப்பை உழவரின் வயல்கள் வளர்த்தன என்பதைக் குறிப்பிடுவது அரிது.

2021ஆம் ஆண்டின் அனுபவம் இதற்கு மறுபுறமான பாடம். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. இடையிலே பெரும்போகம் பொய்த்தது. அந்நியச் செலாவணி நெருக்கடி இயற்கை விவசாயம் என்ற சொல்லை அணிந்துகொண்டு வந்தது. மாற்று எருவோ, பயிற்சியோ, கால அவகாசமோ உழவருக்குக் கொடுக்கப்படவில்லை. உழவரைக் கேளாமல் உரத்தைப் புகுத்திய அதிகாரமே உழவரைக் கேளாமல் அதனை நீக்கிற்று. பசுமையான நோக்கம் என்பதால் ஒரு கட்டளை சனநாயகத் தன்மை பெற்றுவிடுவதில்லை.

கண்டற் காடுகளின் நிலை இன்னும் நுட்பமானது. போர்க்காலத்தில் பாதுகாப்புக் காரணங்காட்டி வாவியோரக் கண்டல்கள் பல இடங்களில் வெட்டப்பட்டன. இறால் பண்ணைகளுக்காகவும் அழிக்கப்பட்டன. 2004 சுனாமியின் பின்னர் கண்டலின் அருமை திடீரென உணரப்பட்டு நாடெங்கும் நாற்றுகள் நடப்பட்டன. இம்முயற்சிகளை மதிப்பிட்டு கொடிகாரவும் பிறரும் 2017இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு அதிர்ச்சி தருவது. நடுகை முயன்ற 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் ஏறத்தாழ 200 முதல் 220 ஹெக்டேயரே வெற்றி கண்டது. ஆராய்ந்த 23 இடங்களில் 9இல் ஒரு செடிகூட எஞ்சவில்லை. நீர்மட்டமும் உவரும் அறியாது பிழையான இடத்தில் நட்டமையும், நட்டபின் பராமரியாமையும் காரணங்கள். எந்த ஓரத்தில் எது நிற்கும், எந்த மாதத்தில் நீர் எவ்வளவு ஏறும் என்பதை வாவியிலே நாள்தோறும் வலை வீசுபவர் அறிவர். அவர்களின் அறிவு திட்டத்தின் உள்ளடக்கமாகவில்லை. அவர்களின் கைகள் மட்டும் நாட்கூலிக்குப் பெறப்பட்டன. சுனாமியின் பின் இலங்கைக் கரையோரத்தை ஆராய்ந்த மற்றொரு குழு 2005இல் இன்னொரு நுட்பத்தையும் சுட்டிற்று: வேரூன்றிக் கரையைக் காக்கும் உண்மைக் கண்டல்கள் மறைந்து, அவற்றைச் சார்ந்து வாழும் வேறு செடிகள் அவ்விடத்தை நிரப்பும்போது, பரப்பளவில் பசுமை குறையாது, காவல் மட்டும் குறைந்துவிடும். தொலைவிலிருந்து நோக்கும் கண்ணுக்கு இச்சீரழிவு தெரியாது. காட்சியழகை அளவுகோலாகக் கொள்ளும் இலக்கிய விமர்சனத்துக்கும் இது ஒரு பாடம்.

2015இல் நாட்டின் கண்டல்கள் அனைத்தையும் காக்கும் திட்டம் ஒன்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கண்டலைக் காப்பதற்குப் பதிலாகக் கரையோர ஏழைப் பெண்கள் 15,000 பேருக்குப் பயிற்சியும் நுண்கடனும் வழங்குவது அதன் அடிப்படை. கண்டலை அழிப்பவர் விறகு பொறுக்கும் பெண்ணே என்ற எடுகோள் இதனுள் அடங்கியுள்ளது. இறால் பண்ணைக்கும் காணி நிரப்பும் கட்டடத்துக்கும் உரிய பொறுப்பு அவள் தலையிலே கடனாக ஏறுகின்றது. போருக்குப் பின்னர் வடகிழக்குப் பெண்களை நுண்கடன் எவ்வாறு நெருக்கியது என்பதை அறிந்த எவரும் இவ்வேற்பாட்டை ஐயுறவின்றி ஏற்றல் கடினம். வாவிமீது கூட்டுரிமை கொடுக்காமல் வாவிக்குப் பொறுப்பு மட்டும் கொடுப்பது, போடியார் காலத்து உறவின் புதிய வடிவமே.

மூன்றாவது, மேய்ச்சல். முன்னர்க் குறிப்பிட்ட பட்டிகளின் பருவ நகர்வு இன்றி மட்டக்களப்பின் வயலும் இல்லை, பாலும் இல்லை. அந்நகர்வின் மேற்கு முனை மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைகள். மகாவலித் திட்டத்தின் வரைபடத்துக்குள் இவை அடக்கப்பட்டமையால், தலைமுறை வழக்காறு சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாததாயிற்று. வெளிமாவட்டங்களிலிருந்து வந்தோர் அங்கு பயிரிடத் தொடங்கியபின் மாடுகள் சுடப்படுவதாகவும் பொறியில் அகப்பட்டு மாள்வதாகவும் பண்ணையாளர் முறையிட்டனர். 2023 செப்டெம்பரிலே தொடர் அறவழிப் போராட்டத்தில் இறங்கினர். இப்போராட்டம் இன ஒடுக்குமுறையின் பின்னணியைக் கொண்டது என்பதில் ஐயமில்லை. ஆயின் அங்கு சோளம் விதைக்க வந்த நிலமற்ற சிங்கள உழவனை மட்டும் பகையாகக் காண்பது பிரச்சினையின் வேரை மறைத்துவிடும். இரு மக்களின் நிலத் தேவையையும் ஒரு வரைபடத்தால் மோதவிட்டு அதனால் ஆதாயம் பெறும் அரசதிகாரமே அவ்வேர். 'வெற்றுக் காணி' என்று அவ்வதிகாரம் பெயரிடும் அந்நிலத்திலே புல்லும் குளமும் மாடும் மயிலும் யானையும் பட்டிக்காரனின் நடையினாலேயே ஒன்றாக நின்றன. 1840இன் சட்டம் எழுப்பிய வினா இன்னும் தீரவில்லை.

6

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிபுகளுக்கு வரலாம்.

முதலாவது, உயிர்ப்பல்வகைமை என்பது மனிதர் தொடாத நிலத்தின் பண்பு மட்டுமன்று. பலவகைப்பட்ட உழைப்பின் பண்புமாகும். உழைப்பு ஒற்றைத் தன்மையானதாக ஆக்கப்படுமிடத்து, நிலமும் ஒற்றைத் தன்மையானதாகின்றது. இரண்டாவது, காக்கப்பட வேண்டியது எது என்பதோடு, காப்பதற்கான உரிமையும் பயனும் எவருக்கு என்ற வினாவும் ஆய்வின் உட்பொருளாதல் வேண்டும். அவ்வினாவைத் தவிர்க்கும் ஆய்வு எத்துணைத் துல்லியமான எண்களைத் தந்தாலும் அரைகுறையானதே. மூன்றாவது, உழைக்கும் மக்கள் என்பதனாலேயே அவர்கள் செய்வதெல்லாம் சரியென்று கொள்ளவும் இயலாது. சிறுகண் வலையினால் குஞ்சு மீனையும் அள்ளும் வழக்கம் வாவியில் உண்டு. ஆனால் கடனுக்கு வலை வாங்கியவனிடம் நாளைய மீனைப் பற்றிப் பேசுமுன்னர் அவனது இன்றைய கடனைப் பற்றிப் பேச வேண்டும். மீனவர் கூட்டாக முடிவெடுத்து நடைமுறைப்படுத்தும் அதிகாரம் பெறும்போதே தடைசெய்யப்பட்ட வலை உண்மையில் கரையேறும்.

தமிழியல் மாணவருக்கு இதிலே திட்டமான பணிகள் உண்டு. பண்டிதர் வி. சீ. கந்தையா 'மட்டக்களப்புத் தமிழக'த்தில் (1964) ஒரு தனிமனிதராகத் தொகுத்த செல்வங்களைப் போல, வாவி மீனவரின் மீன்பெயர்கள், காற்றுப்பெயர்கள், வட்டைகளின் பெயர்கள், பட்டிக்காரரின் புற்பெயர்கள், களத்து மொழி ஆகியவற்றை முறையாகப் பதிவு செய்ய வேண்டும். அப்பதிவு அகராதிக்குள் அடங்கிவிடலாகாது. எந்தச் சொல் எந்தத் தொழிலோடு பிறந்தது, எந்த நில உரிமையோடு வழங்கியது, எப்போது ஏன் வழக்கொழிந்தது என்பதையும் அது சொல்ல வேண்டும். அவ்வாறு தொகுக்கப்படும் சொற்கோவை மயிலத்தமடு போன்ற வழக்குகளிலே மக்களின் வழக்காற்றுரிமைக்கு ஆவணமாகவும் பயன்படும். உறுதி எழுதப்படாத நிலத்துக்கு மக்களின் மொழியைவிட வேறு சாட்சி பெரும்பாலும் இல்லை.

தன்னாமுனையிலும் பனிச்சையடியிலும் சவுக்கடியிலும் இச்சொற்களை இன்னும் வாயிலே வைத்திருக்கும் முதியோர் உள்ளனர். அவர்களிடம் நாம் தகவல் திரட்டுவோராகச் செல்லாமல், அவர்களின் உரிமைப் போராட்டத்தில் பங்குகொள்வோராகச் செல்வோமாயின், திணை பற்றிய எமது ஆய்வு தன் பெயருக்கு ஏற்ற பொருளை அடையும்.